ரிமோட் உடைந்தது அணி தோற்றதால் அல்ல

வாசகர் கேள்விக்கு மனநல ஆலோசகரின் பதில்

சிகாகோ புறநகர் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

மேற்படிப்புக்காக 2005 ஆகஸ்டில் சிகாகோ வந்தவர். கல்லூரியிலிருந்து வொயிட் சாக்ஸ் என்ற பேஸ்பால் அணியின் மைதானம் நடந்துபோகிற தூரம்தான். அதுவரை பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது. அந்த அக்டோபரில் அணி 88 வருஷத்துக்குப் பிறகு பேஸ்பாலின் பெரிய கோப்பையான வேர்ல்டு சீரிஸை ஜெயித்தது. அறைத் தோழர்களோடு தெருவில் இறங்கிக் கத்திய அன்றிலிருந்து அதுதான் இவர் அணி. இப்போது வயது நாற்பத்தைந்து. மனைவி, பதினோரு வயது மகன். சொந்த வீடு, நல்ல வேலை.

அணியோ 2023-ல் 101 ஆட்டங்களில் தோற்றது, 2024-ல் 121, இந்த வருஷம் (2025) 102. "நான் இந்த அணிக்கு இருபது வருஷம் கொடுத்திருக்கிறேன். எனக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்கிறார். ஆகஸ்டில் ஒரு நாள், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் கடைசி இன்னிங்ஸில் கோட்டைவிட்டதும் ரிமோட்டைச் சுவரில் எறிந்து உடைத்திருக்கிறார். மகன் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அடுத்த மாதம் அதே மகன் நகரத்தின் இன்னொரு அணியான கப்ஸின் தொப்பியோடு வீட்டுக்கு வர, அதைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். மனைவி இரண்டு நாள் பேசவில்லை. இடையில், போன வருஷத்திலிருந்து பந்தயச் செயலியில் மொத்தம் 3,800 டாலர் வரை போயிருக்கிறது. அது மனைவிக்குத் தெரியாது.

அவர் கேட்பது மூன்று: "எனக்கு மனநலப் பிரச்சினையா? சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கலாமா? மகன் எதிர் அணிக்குப் போவதை எப்படித் தடுப்பது?"

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் பந்துவீச்சாளர்களைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. ரிமோட்டைப் பற்றி ஒரே வரி, அதுவும் "டென்ஷனில் நடந்துவிட்டது" என்று. நான் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் யாரையும் அடிக்கவில்லை, டிவியைப் பார்த்துத்தான் கத்தினேன் என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் பதினோரு வயதுப் பையனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அப்பாவின் கையிலிருந்து ஒரு பொருள் பறந்து சுவரில் சிதறுகிறது. அடுத்தது எங்கே பறக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கதவைச் சாத்திக்கொண்டது கோபமல்ல, பயம். உங்கள் மனைவியின் மௌனத்திலும் அதில் கொஞ்சம் இருக்கலாம். அவரிடமே கேளுங்கள்.

இதில் ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். டேவிட் கார்ட், கார்டன் டால் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களையும் போலீசில் பதிவான குடும்ப வன்முறைப் புகார்களையும் ஒப்பிட்டு 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஜெயிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்த உள்ளூர் அணி தோற்ற நாட்களில், ஆண்கள் வீட்டுப் பெண்கள்மீது கைநீட்டிய புகார்கள் பத்து சதவீதம் அளவுக்கு அதிகரித்திருந்தன. தோற்கும் என்று தெரிந்த ஆட்டத்தில் தோற்றபோது அப்படி எதுவும் ஏறவில்லை. உங்களை அந்தக் கணக்கில் சேர்க்க இதைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்திலேயே அதே விஷயம் இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. 1900-க்குப் பிந்தைய பேஸ்பால் வரலாற்றிலேயே மிக அதிகமாகத் தோற்ற சீசன் 2024. 1962-ல் நியூயார்க் மெட்ஸ் வைத்திருந்த 120 தோல்விச் சாதனையை உங்கள் அணி முறியடித்தது. அந்த வருஷம் நீங்கள் என்ன செய்தீர்கள்? நண்பர்களோடு சிரித்தீர்கள். சிகாகோ பக்கத்திலுள்ள லெமான்ட் கோவிலில் "120-ஐத் தாண்டக்கூடாது" என்று தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டதை வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பொருளும் உடையவில்லை.

உடைந்தது இந்த வருஷம். ஜூலையில் கோல்சன் மாண்ட்கோமரி என்ற இளைஞர் வந்து, பாதி சீசனிலேயே 21 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அணி கொஞ்சம் தலைதூக்கியது. உங்களுக்கு ஆசை வந்தது. தோல்வி உங்களை ஆத்திரப்படுத்தவில்லை. ஆசை வந்த பிறகு வந்த தோல்விதான் ஆத்திரப்படுத்தியது. இதைத் தெரிந்துகொள்வதில் லாபம் உண்டு, ஏனென்றால் ஆபத்தான நாள் எது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். மொத்தம் ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸில் முன்னிலையில் இருக்கும் நாள்தான் உங்களுக்கு ஆபத்து. பத்து ரன் பின்தங்கியிருக்கும் நாளில் நீங்கள் பாட்டுக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பீர்கள்.

மனநலப் பிரச்சினையா?

அணி தோற்றால் துக்கப்படுவது நோயல்ல. உள்ளூர் அணியோடு ஒட்டுதலாக இருப்பவர்களுக்குத் தனிமை உணர்வு குறைவாக இருப்பதை ரசிகர் உளவியலை வருஷக்கணக்கில் ஆராய்ந்த டேனியல் வான் போன்றவர்கள் காட்டியிருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அது கண்கூடு. ஊர்விட்டு வந்த பையனுக்கு அந்த நகரத்தில் முதன்முதலாகக் கிடைத்த கூட்டம் அது. இன்றும் கல்லூரி நண்பர்களை நேரில் பார்ப்பது மைதானத்தில் மட்டும்தான் என்கிறீர்கள். "பேஸ்பாலை அடியோடு விட்டுவிடு" என்று உங்கள் அண்ணன் சொன்ன யோசனையை நான் சொல்லாததற்குக் காரணம் அதுதான்.

நான் கவலைப்படுவது மூன்று விஷயங்களுக்கு. வீட்டில் பயம், பந்தயம், தூக்கம். முதலாவதைச் சொல்லிவிட்டேன். பந்தயத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தூக்கத்தை நீங்களே ஒரு பிரச்சினையாக எண்ணவில்லை. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் ஆட்டம் என்றால் சிகாகோ நேரப்படி இரவு எட்டரை ஒன்பதுக்குத்தான் ஆரம்பம், முடிய நள்ளிரவாகும். அதற்கப்புறம் வாட்ஸ்அப் குழுவில் ஒன்றரை மணி வரை பிரேதப் பரிசோதனை. காலை ஆறு மணிக்கு அலாரம். பேஸ்பாலில் இது வாரத்தில் ஒரு நாள் கூத்தல்ல. ஐபிஎல்லில் லீக் சுற்று 14 ஆட்டம். சென்னை அணி 2025-ல் பத்தில் தோற்றுக் கடைசி இடத்துக்குப் போனாலும் இரண்டு மாதத்தில் அழுது முடித்துவிடலாம். இங்கே 162 ஆட்டம், ஆறு மாதம், ஏறக்குறைய தினமும். நாலு மணி நேரத் தூக்கத்தோடு யாராக இருந்தாலும் கை ஓங்கத்தான் செய்யும். மேற்குக் கரை ஆட்டங்களை நேரலையில் பார்க்க வேண்டாம். முடிவைக் காலையில் காபியோடு தெரிந்துகொள்ளலாம், தோல்வி எங்கேயும் ஓடிப்போகாது. இரண்டு மூன்று வாரம் சரியாகத் தூங்கியும் இதே எரிச்சல் அலுவலகத்திலும் வீட்டிலும் நீடித்தால், எதிலுமே பிடிப்பு இல்லாமல் போனால், உங்கள் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். அப்போது காரணம் பேஸ்பாலாக இருக்காது.

சில தவறான கணக்குகள்

உங்கள் கோபத்தில் பாதி, "நமக்கு அநியாயம் நடக்கிறது" என்ற எண்ணத்திலிருந்து வருகிறது. அதில் சிலவற்றைத் திருத்தியாக வேண்டும்.

"121 தோற்றதற்கு டிராஃப்டில் முதல் ஆளையாவது கொடுத்திருக்க வேண்டும், பத்தாவது இடத்துக்குத் தள்ளியது சதி" என்கிறீர்கள். டிராஃப்ட் என்பது அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் ஏற்பாடு. இது சதியல்ல, விதி. இப்போதெல்லாம் முதல் ஆறு இடங்களுக்கு லாட்டரி. அணிகளுக்கு இடையிலான வருமானப் பகிர்வில் பணம் கொடுக்கும் பக்கத்தில் இருக்கும் பெரிய நகர அணி எதுவும் அடுத்தடுத்த இரண்டு வருஷம் அந்த லாட்டரி இடங்களைப் பெற முடியாது. வொயிட் சாக்ஸ் 2024-லேயே ஐந்தாவது ஆளை எடுத்துவிட்டது. அதனால் 2024-ல் எவ்வளவு மோசமாகத் தோற்றிருந்தாலும், 2025 டிராஃப்டில் பத்தாவது இடத்துக்கு மேலே போயிருக்க முடியாது. வேண்டுமென்றே தோற்கும் பழக்கத்தை ஒடுக்க வந்த ஏற்பாடு இது. உங்கள் அணி வேண்டுமென்று தோற்கவில்லை, நிஜமாகவே தோற்றது என்பது வேறு விஷயம்.

"இன்னும் உரக்கக் கத்தினால் ஓனர் விற்றுவிடுவார்." அழுத பிள்ளைக்குப் பால் கிடைக்கும் என்ற நம்பிக்கை. ஜெரி ரைன்ஸ்டார்ஃப் தலைமையிலான குழு 1981-லிருந்து அணியை வைத்திருக்கிறது. 2005 கோப்பையும் அவர் காலத்தில்தான் வந்தது, அதை உங்கள் கடிதம் வசதியாக மறந்துவிட்டது! 2024 செப்டம்பரில் மைதானமே "அணியை விற்றுவிடு" என்று முழங்கியது. 2025 ஜூனில் ஜஸ்டின் இஷ்பியா என்ற முதலீட்டாளரோடு ஒரு நீண்டகால ஒப்பந்தம் அறிவித்தார்கள். அதன்படி 2029-க்கும் 2033-க்கும் இடையில் அணியைக் கைமாற்றுவதா என்பது ரைன்ஸ்டார்ஃபின் விருப்பம். 2034 சீசனுக்குப் பிறகுதான் வாங்கும் உரிமை இஷ்பியா கைக்கு வரும். ஆக, மாற்றம் வரும், ஆனால் உங்கள் இரத்த அழுத்தத்தின் வேகத்தில் வராது. மைதானத்தில் கோஷம் போடுவதில் தப்பில்லை, காசு கொடுத்தவனின் உரிமை அது. அதை வீட்டு ஹாலில் போட்டால் கேட்பவர் ஓனரல்ல.

அப்புறம் அந்த "இருபது வருஷம் கொடுத்தேன்." இதுதான் உங்களை மிகவும் அரிக்கும் எண்ணம் என்று நினைக்கிறேன். விசுவாசத்தை வங்கியில் போட்ட வைப்புத்தொகையைப் போல நினைக்கிறீர்கள். முதிர்வுக் காலம் வந்தும் பணம் வரவில்லை என்ற ஆத்திரம். அணிக்கு அப்படி ஒரு கடன் இல்லை. 2021-ல் 93 ஆட்டம் ஜெயித்துப் பிரிவு சாம்பியனானபோது "இனி பத்து வருஷம் நம்முடையது" என்று நினைத்தீர்கள். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் 81 வெற்றி, 81 தோல்வி. அதற்கடுத்த வருஷமே சரிவு. சிகாகோவில் பிறந்த போப்பாண்டவர் பதினான்காம் லியோ இதே அணியின் ரசிகர், 2005 வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தவர். அவர் பதவிக்கு வந்த வருஷமே 102 தோல்வி. உங்கள் தேங்காய் பலிக்காததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். 2025-ல் கோப்பையை வாங்கிய லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ்கூட லீக் சுற்றில் 69 ஆட்டம் தோற்றது. பேஸ்பாலில் மிகச் சிறந்த அணியின் ரசிகனும் வாரத்தில் இரண்டு மூன்று இரவு தோற்றுத்தான் படுக்கப் போகிறான். தோல்வியைத் தாங்க முடியாதவர் அணி மாறினாலும் இந்த விளையாட்டில் தப்ப முடியாது.

டிக்கெட்

டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். சட்டம் என் துறையல்ல, ஆனாலும் இதற்கு வக்கீல் தேவையில்லை. டிக்கெட் என்பது ஆட்டத்தைப் பார்க்க அனுமதி. ஜெயிப்பதற்கான உத்தரவாதம் அதில் கிடையாது. புதுப்பிக்கும் விஷயத்தில் ஒப்பந்தத்தை எடுத்து, தானாகவே அடுத்த வருஷத்துக்கு நீளும் என்ற விதி இருக்கிறதா, எந்தத் தேதிக்குள் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று பாருங்கள். பலர் கோபத்தில் "இனி வரமாட்டேன்" என்று சபதம் போட்டுவிட்டு, பிப்ரவரியில் கடன் அட்டையிலிருந்து பணம் போன பிறகு முழிக்கிறார்கள்.

என் யோசனை, ஒரு வருஷத்துக்குப் புதுப்பிக்காதீர்கள். அணியைத் தண்டிக்க அல்ல; உங்கள் ஒரு டிக்கெட் அவர்கள் கணக்கில் தூசு. டிக்கெட் கையில் இருந்தால் "கட்டிவிட்டோமே" என்பதற்காகவே போவீர்கள், போனால் கணக்குப் பார்ப்பீர்கள். அதற்குப் பதிலாக, நண்பர்களுக்குத் தோதான ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அன்றன்றைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். தோற்கிற அணிக்கு டிக்கெட் கிடைக்காமல் போகாது. மற்ற ஆட்டங்களுக்கு ரேடியோ போதும். கார் ஓட்டும்போதோ புல் வெட்டும்போதோ காதில் ஓடட்டும். பேஸ்பால் ரேடியோவுக்கென்றே பிறந்த விளையாட்டு, எறிவதற்கு ரிமோட்டும் தேவைப்படாது.

மகன்

தடுக்காதீர்கள். தடுக்கவும் முடியாது.

கப்ஸ் 2025-ல் 92 ஆட்டம் ஜெயித்துப் பிளேஆஃபுக்குப் போனது. வகுப்பில் பாதிப் பேர் அந்தத் தொப்பியோடு வந்திருப்பார்கள். ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் 1976-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு எளிய விஷயத்தைக் கணக்கெடுத்தார். தங்கள் கல்லூரிக் கால்பந்து அணி சனிக்கிழமை ஜெயித்தால், திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட சட்டையோடு வரும் மாணவர்கள் அதிகம். வளர்ந்தவர்களே அப்படி. உங்கள் மகன் துரோகம் செய்யவில்லை, பள்ளிப் பேருந்தில் கேலி கேட்காமல் போய்வர வழி தேடினான். நீங்கள் மட்டும் என்ன, இந்த அணியைத் தோற்ற வருஷத்திலா பிடித்தீர்கள்? கோப்பை வாங்கிய மாதத்தில் பிடித்தீர்கள். அவனுக்கு மூன்று வருஷமாகக் கிடைத்தது 324 தோல்விகளும் அவற்றைப் பார்த்துக் கத்துகிற அப்பாவும்.

அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். சுருக்கமாக: "தொப்பியைத் தூக்கிப் போட்டது தப்பு. ரிமோட்டை எறிந்ததும் தப்பு. இனி செய்யமாட்டேன்." அதற்குப் பின்னால் "ஆனால்" என்று ஒன்றும் ஒட்டாதீர்கள். வேறு தொப்பி வாங்கிக் கொடுங்கள், அவன் கேட்கிற அணியுடையது. கேட்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அவன் ரசிகனாக இருப்பானா என்பதே தெரியாது. ஸ்கோர் அட்டை எழுதுவது அவனுக்குப் பிடிக்கும் என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆறும் நான்கும் மூன்றும் என்று ஆட்டக்காரர்களின் இட எண்களைப் போட்டு, ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட்டாகும் டபுள் பிளேயைக் குறிக்கிற பையனை, எந்த அணி ஆடினாலும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளலாமே.

பந்தயம்

கடைசிக்கு வைத்தது கனமாக இருப்பதால்.

2024 ஜூலையிலும் ஆகஸ்டிலுமாக அணி தொடர்ந்து 21 ஆட்டம் தோற்றது. பத்தாவது தோல்விக்குப் பிறகு, "ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும், நாளைக்கு ஜெயித்தே தீரும்" என்று தினமும் கட்டினேன் என்கிறீர்கள். பழமொழி நன்றாக இருக்கிறது, கணக்கு தப்பு. நேற்றைய தோல்வி இன்றைய ஆட்டத்துக்கு எதையும் பாக்கி வைப்பதில்லை. அந்த வருஷம் அணி நாலு ஆட்டத்துக்கு ஒன்றுதான் ஜெயித்தது. பத்து தோல்விக்குப் பிறகும் அதே நாலில் ஒன்றுதான், இருபதுக்குப் பிறகும் அதே. நீங்கள் தொடங்கிய பிறகு இன்னும் பதினோரு முறை வரிசையாகத் தோற்றது. "விட்டதைப் பிடிக்கிறேன்" என்று 10 டாலரில் ஆரம்பித்து ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கியிருந்தால், அந்தப் பதினோரு இரவில் 20,470 டாலர் போயிருக்கும். நீங்கள் இரட்டிப்பாக்கவில்லை. ஆனால் இந்த வருஷம் தொகை ஏறியிருக்கிறது என்று உங்கள் எண்களே சொல்கின்றன.

விட்டதைப் பிடிக்கத் திரும்பத் திரும்பக் கட்டுவது, தொகையைக் கூட்டிக்கொண்டே போவது, வீட்டில் மறைப்பது, மனம் சரியில்லாதபோது கட்டுவது, நிறுத்த முயன்று தோற்பது. சூதாட்டக் கோளாறுக்கு மருத்துவர்கள் பார்க்கும் ஒன்பது அறிகுறிகளில் இவை ஐந்து. ஒரு வருஷத்துக்குள் நான்கு இருந்தாலே கோளாறு என்று கணக்கு. உங்கள் கடிதத்தில் குறைந்தது மூன்றைப் பார்க்கிறேன். கடிதத்தை வைத்து நான் முத்திரை குத்தமாட்டேன். ஒரு நிபுணரை நேரில் பார்க்கும் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். 1-800-426-2537 என்ற உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. இல்லினாய் மாநிலத்தில் சூதாட்டத்திலிருந்து தன்னைத்தானே விலக்கி வைத்துக்கொள்ளப் பதிவு செய்யும் திட்டமும் இருக்கிறது. செயலியைப் போனிலிருந்து அழிப்பது மட்டும் போதாது, இரண்டு நிமிடத்தில் திரும்ப வந்துவிடும். கணக்கையே மூடுங்கள்.

மனைவியிடம் நீங்களே சொல்லுங்கள், வங்கிக் கணக்கில் அவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால். மகன் தூங்கிய பிறகு, ஆட்டம் எதுவும் இல்லாத இந்தக் குளிர்காலத்தில், கணக்கு விவரத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். 3,800 என்பதை "இரண்டாயிரம் மூவாயிரம் இருக்கும்" என்று குறைக்காதீர்கள். அவர் கோபப்படுவார், கேள்வி கேட்பார். அன்று கேட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான் உங்கள் வேலை. மறுநாள் இருவரும் சேர்ந்தே அந்த எண்ணுக்குப் பேசுங்கள். சீசன் டிக்கெட் பற்றி அதற்குப் பிறகு முடிவெடுத்தால் போதும், அதையும் அவரைக் கேட்டே எடுங்கள்.